காமாலை என்று சொன்னார்கள்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு மைசூர் மேட்டகள்ளி வீட்டின் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

வாசலைப் பார்த்த பிளாஸ்டிக் நாற்காலியில் கெம்பையன். ராமாபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர். செருப்பைக் கழற்றினாரே தவிர தோளில் கிடந்த துண்டை இன்னும் எடுக்கவில்லை. அவருக்கு எதிரே, கட்டிலின் கால்மாட்டில், அவருடைய தங்கை கணவர் சீனிவாசன். பன்னிமண்டப டிப்போவில் முப்பத்தொரு வருஷம் பஸ்களுக்கு அடியில் படுத்து வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றவர். சமையலறை நிலைப்படியில் மகன் மதன். ஷிப்டுக்கு லீவு சொல்லியிருந்தான். சுவரோரம் பாயில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, ஜோதிமணி.

கெம்பையனின் தங்கை அவள்தான். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கியது. அதனால் பாய்.

சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆபரேஷன் முடிந்து, ஆறு கீமோவும் முடிந்து, ஏழு மாதமாகக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கில் நின்றது. மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லி, ரத்தம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதே செவ்வாய்க்கிழமைதான் மதனின் ரிப்போர்ட்டும் வந்தது. அம்மாவுக்கு பிராக்கா என்ற மரபணுவில் இருந்த குறை, எழுத்துக்கு எழுத்து அப்படியே மகனுக்கும் இருந்தது.

வருகிற புதன்கிழமை மதனுக்கும், கெம்பையனின் ஒரே மகள் அனுப்ரியாவுக்கும் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்வதாக இருந்தது. அனுப்ரியா கொள்ளேகாலில் பி.எட். படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். முறைப்பெண், முறைமாப்பிள்ளை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்தே பேசிவைத்த பேச்சு. இருவருக்கும் பிடித்தும் போயிருந்தது. அதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று வியாழக்கிழமை ஜோதிமணி போனில் சொன்னாள். காரணத்தை நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அண்ணன் வந்திருந்தார்.

காரணத்தைச் சொல்லும் பொறுப்பை சீனிவாசன் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசனை சொல்கிற நிர்மலா, அவர் டிப்போக்காரர் என்று தெரிந்ததும் டிப்போவை வைத்தே விளக்கியிருந்தாள். அதை அவர் வரிசை மாறாமல் சொன்னார்.

“ரோட்டுல பஸ் ஓடுதுங்க மச்சான். ஆணி குத்தும், காத்துப் போகும். அதுக்கு ரோட்டோரத்துல பஞ்சர்க்கடை இருக்குது. ஆக்சில் முறிஞ்சா பஞ்சர்க்காரன் என்ன பண்ணுவான்? டிப்போவுக்குத்தான் இழுத்துட்டு வரோணும்.”

கெம்பையன் தலையாட்டினார். அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ என்று இரட்டை இழை ஓடுகிறது, அது ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான இடத்தில் அறுகிறது என்று சீனிவாசன் சொன்னார். ஒற்றை இழை அறுந்தால் அதை ஒட்ட ஓடிவருவது பார்ப் என்கிற நொதி. அது பஞ்சர்க்கடை. இரண்டு இழையும் சேர்ந்து முறிந்தால் அதைப் பார்ப்பது பிராக்கா. அது டிப்போ. ஜோதிமணியின் கட்டிக்குள் டிப்போ பூட்டிக் கிடக்கிறது. கட்டி முழுக்கப் பஞ்சர்க்கடையை நம்பியே ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் தின்கிற மாத்திரை அந்தப் பஞ்சர்க்காரனை, வேலை செய்கிற இடத்திலேயே கையைக் கட்டி உட்காரவைத்துவிடுகிறது. ஒட்டாத பஞ்சரோடு ஓடி ஆக்சில் முறிகிறது. போய் நிற்க டிப்போ இல்லை. அந்தச் செல் செத்துப்போகிறது.

“அப்ப நல்ல செல்லுக்கும் பஞ்சர்க்கடை இல்லாம போகுமில்ல?” என்றார் கெம்பையன்.

கேள்வி சரியான கேள்வி. நிர்மலாவிடம் இவர்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை; அவளாகச் சொன்னதுதான். நல்ல செல்லில் டிப்போ திறந்திருக்கிறது, அதனால் தாக்குப்பிடிக்கிறது என்றார் சீனிவாசன். ஆனாலும் ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையில் ராப்பகலாய் வண்டி ஓடுவதால், அங்கே அடி விழத்தான் செய்கிறது. ஏழு புள்ளி நான்கு அதனால் வந்தது.

இதுவரை வந்தது எளிது. இதற்குமேல் மதன் சொன்னான்.

டிப்போவுக்கு இரண்டு சாவி. அப்பா ஒன்று கொடுக்கிறார், அம்மா ஒன்று. ஒரு சாவி உடைந்திருந்தாலும் மற்றதை வைத்துத் திறக்கலாம்; அம்மாவின் கட்டிக்குள் அந்த மற்றதும் உடைந்துபோயிருக்கிறது. அவனிடம் இருப்பது ஒரே சாவி. அவன் நன்றாகத்தான் இருக்கிறான், நாளைக்கு அவனுக்கே நோய் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அவன் கட்டிக்கொள்ளும் பெண்ணிடமும் அதே சாவி உடைந்திருந்தால், பிறக்கிற நான்கு குழந்தையில் ஒன்றுக்கு இரண்டு சாவியும் இருக்காது.

“அந்தக் கொழந்தைக்கு ஒடம்பு பூரா டிப்போ கிடையாது மாமா. ரத்தம் ஊறாது. நடக்கிற வயசுலயே கேன்சர் வரும்.”

“எம்பட புள்ளைக்கு எதுக்குடா அது ஒடையுது?”

“உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே அப்பா அம்மா. உங்களுக்கு இருக்கறதுக்குப் பாதிக்குப் பாதி. இருந்துதுன்னா அனுவுக்குப் பாதிக்குப் பாதி.”

பெண்களுக்கு வருகிற நோய் தனக்கு எப்படி வரும் என்று கெம்பையன் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். மதன் தன் ரிப்போர்ட்டை எடுத்து அவர் மடியில் வைத்தான். அவர் அதைப் படிக்கவில்லை. ஆனால் கீழேயும் வைக்கவில்லை.

சீனிவாசன் பீரோவிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்துவந்தார். நிர்மலா முதல் நாளே வரைந்த குடும்பப் படம் அது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். செத்தவர்கள் மேல் ஒரு குறுக்குக் கோடு. ஜோதிமணியின் வட்டம் கறுப்பாக நிரப்பியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு வெறும் வட்டம், குறுக்குக் கோட்டோடு. கீழே ‘சாமியாத்தாள், மஞ்சள் காமாலை’ என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. கெம்பையனுக்கும் ஜோதிமணிக்கும் மூத்த அக்கா. ஜோதிமணியின் கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் செத்துப்போனவள்.

குறை அப்பா வழியில் வந்ததா அம்மா வழியில் வந்ததா என்று நிர்மலாவுக்குப் பிடிபடவில்லை, படத்தில் வேறு ஒருவரும் இல்லையே என்று இரண்டு முறை கேட்டாள் என்றார் சீனிவாசன். உங்களுக்கு யாராவது நினைவு வருகிறார்களா மச்சான் என்று கேட்டார்.

கெம்பையன் அந்த வெறும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மைசூரில் அன்று வெயில் இல்லை.

“அக்காளுக்கு வந்தது காமாலை இல்லீங்க” என்றார்.

அவராகவே சொன்னார். இருபத்தொன்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

இடது மாரில் ஒரு கட்டி. அவளைக் கவுதள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்; கட்டி புண்ணாகி உடைந்ததும் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை, கேட்க நாதி இல்லை. அவர்தான் மைசூருக்கு மூன்று தரம் கூட்டிவந்தார், பஸ்ஸில், மடியில் சாய்த்துக்கொண்டு. மூன்றாவது தரம் பெரிய டாக்டர் கையை விரித்தார். அந்த வாரம்தான் சீனிவாசனின் வீட்டிலிருந்து ஜோதிமணியைப் பெண் கேட்டு ஆள் வந்தது.

மாரில் புற்று என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணை யார் எடுப்பார்கள்? அப்பா காமாலை என்று சொல்லச் சொன்னார். காமாலை என்றால் ஒட்டிக்கொள்ளும், ஒருவரும் அறைக்குள் எட்டிப்பார்க்க மாட்டார்கள். ஜோதிமணியைக் கொள்ளேகாலில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்ததும் அதற்காகத்தான். நாற்றம் தெரியாமலிருக்க மூன்று வேளையும் சாம்பிராணி போட்டார்கள்.

அதுவரை சரி. அக்கம்பக்கத்துப் பெண்கள் கீழாநெல்லியைப் பறித்து அரைத்துக் கொண்டுவந்து தர ஆரம்பித்தார்கள். நல்ல மனசோடு தந்தார்கள். வாசலிலேயே நின்று, குடித்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதனால் சாமியாத்தாள் அதைக் குடித்தாள். காமாலைக்காரி உப்புத் தின்னக்கூடாது, எண்ணெய் தின்னக்கூடாது. அதனால் ஏழு மாதம் உப்பில்லாத கஞ்சி. சாகிறவளுக்கு ஒரு உப்புக்கல் கொடுக்க முடியவில்லை.

“அவளுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் ஜோதிமணி.

“தெரியும். அப்பன் சொன்னதுக்கு அவதான் முதல்ல சரின்னா. ஜோதி கண்ணாலம் முடியட்டும்னா.”

கல்யாணத்தன்று அக்கா வெளியே வராதது ஜோதிமணிக்கு நினைவு இருந்தது. வாசற்படிக்கு வெளியே நின்று, உள்ளே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். கும்பிட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. என்ன சொன்னாள் என்பது நாதஸ்வரத்தில் கேட்கவில்லை. எழவுக்கு வந்தபோது கழுத்துவரை போர்த்தியிருந்தது.

சீனிவாசன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஏமாற்றப்பட்டவர் அவர்தான். சண்டை வரும் என்று மதன் நினைத்தான். அவர் திரும்பாமலே பேசினார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இவளைக் கட்டியிருப்பனா, மாட்டனா, தெரியாது. கட்டிக் குடுத்த பொறகாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வயிறு உப்பலா இருக்குதுன்னு எட்டு மாசம் கேஸ் மாத்திரை தின்னா. வீட்டுல யாருக்காச்சும் இருக்குதான்னு ஒவ்வொரு டாக்டரும் கேட்டாங்க. இல்லைன்னுதான் நானே சொன்னேன்.”

கெம்பையன் தான் வந்த விஷயத்துக்குப் போனார்.

புதன்கிழமையை நிறுத்தக்கூடாது என்றார். நிறுத்தினால் ஏன் என்று ராமாபுரம் கேட்கும், ஹனூர் கேட்கும். மாப்பிள்ளையின் அம்மா நோயாளி, பெண்ணின் பெரியத்தையும் அதே நோயில்தான் போனாள் என்று ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். பிறகு அனுப்ரியாவை யாருக்குக் கொடுப்பது? வெளியே கொடுத்தால்தானே விசாரிப்பார்கள். நமக்குள்ளேயே முடித்துவிட்டால் மூடினது மூடினதுதான். அவர் முழு மனதோடு நம்பித்தான் சொன்னார். மூடி வைத்தே பழகியவருக்குத் தெரிந்த வழி அது.

வேண்டாம் என்று நிர்மலா சொன்ன ஒரே வழியும் அதுதான் என்று மதன் சொல்ல வாயெடுத்தான். ஜோதிமணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அனுவை ஒரு டெஸ்ட் மட்டும் பண்ணிப் பார்க்கலாம் அண்ணா. அவகிட்ட நான் சொல்றேன்.”

“அவகிட்ட யாரும் சொல்லக்கூடாது.”

“அவளுக்கு இருந்தா?”

“இல்லாட்டி? ஒண்ணுமில்லாத புள்ளை தலையில நாமே நோவுக்காரின்னு பேரை எழுதி வெக்கறதா?” கெம்பையன் எழுந்தார். பாயருகே வந்து குனிந்து, தங்கையின் தலைமேல் கை வைத்தார். கீமோவுக்குப் பிறகு முளைத்த முடி, சின்னப் பிள்ளையின் முடிபோல மெத்தென்று இருந்தது. “உனக்காக நாங்க மூடி வெச்சோம் அம்மிணி. அக்கா உப்பில்லாமச் செத்தா. எம் புள்ளைக்கு நீ மூடி வையி. வேற ஒண்ணும் நான் கேக்கலை.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். சாப்பிடச் சொன்னதற்கு, பசி இல்லை என்று சொல்லிவிட்டு பதினொன்றே முக்காலுக்கு இறங்கினார். மதன் பஸ் ஸ்டாண்டுவரை பைக்கில் கொண்டுபோய் விட்டான். சீனிவாசன் சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் வெளியே போனார்.

ஜோதிமணி பாயிலேயே படுத்திருந்தாள். எழுந்து தண்ணீர் குடிக்க இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது.

இரண்டரைக்கு போன் அடித்தது. அனுப்ரியா.

அவள் எப்போதும்போல் நிறுத்தாமல் பேசினாள். ஹாஸ்டலில் சாம்பாருக்கு ஆறு என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், இறங்கினால் கால் தரையில் படுமாம். பச்சைப் புடவையா, அரக்குப் புடவையா, மதன் மாமாவிடம் கேட்டால் எதுவானாலும் சரி என்கிறானாம், இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டு நான் எந்தக் கடைக்குப் போவது அத்தை என்றாள். ஜோதிமணி சிரித்தாள். சிரித்ததும் இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை அனுப்ரியா காத்திருந்தாள்.

“அத்தை, அப்பா எதுக்கு திடீர்னு மைசூர் வந்தாரு? நாளான்னைக்கு சாயந்தரமே வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேங்கிறாரு. செவ்வாக்கெழமை வரேன்னுதான் சொல்லியிருந்தேன்.”

“சும்மாதான் கண்ணு. என்னைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தாரு.”

“ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்லை.”

போனை வைத்த பிறகு ஜோதிமணி அந்த வார்த்தையையே கேட்டுக்கொண்டிருந்தாள். யோசிக்காமல் வந்தது. குரல் நடுங்கவில்லை. அப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பார், வாசலில் நின்ற பெண்களிடம் அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாள். அவளிடம் இப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

பீரோவின் கீழ்த் தட்டில் நிர்மலா கொடுத்த உறை இருந்தது. இரத்த சம்பந்தமுள்ளவர்களுக்குக் கொடுப்பதற்கென்று ஆஸ்பத்திரி சீலோடு ஒரு குடும்பக் கடிதம், ஜோதிமணியின் ரிப்போர்ட் நகல், அதைக் காட்டிப் பரிசோதனை செய்துகொள்ள அவள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டிய ஒப்புதல் படிவம். ஆஸ்பத்திரி தானாக யாரையும் கூப்பிட்டுச் சொல்லாது, நோயாளிதான் சொல்ல வேண்டும் என்று நிர்மலா தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

மாமாவை விட்டுவிட்டு எங்கெங்கோ சுற்றிய மதன் மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது, அம்மா கட்டிலில் சாய்ந்து, மடியில் பலகையை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். கன்னடத்தில்தான் எழுதினாள். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும், அவளுக்கும் அனுப்ரியாவுக்கும் பள்ளிக்கூடம் கொடுத்த எழுத்து கன்னடம்தான்.

அவன் நிலைப்படியில் உட்கார்ந்தான். குழந்தை வேண்டாம் என்று இருந்துவிட்டால் போகிறது, எங்கள் இரண்டு பேருக்குள் முடிகிற விஷயம்தானே என்றான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அனுப்ரியாவின் மெசேஜுக்கு அவன் ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுக்கொண்டிருந்தது அம்மாவுக்குத் தெரியும்.

“கொழந்தை வேண்டாம்னு நீ சொல்லலாம். அவளும் சொல்லோணுமில்ல?” என்றாள் ஜோதிமணி. “அவ ஒடம்புலயும் இருக்குதான்னு தெரியாம அவ எப்பிடிச் சொல்லுவா?”

அப்படியென்றால் போட்டோ எடுத்து போனில் அனுப்பிவிடுகிறேன் என்றான். அது ஒரு நிமிஷ வேலை. அவள் வேண்டாம் என்றாள். போனில் போனால் அனு உடனே அப்பாவைக் கூப்பிடுவாள். நோவுக்காரி பயத்தில் உளறுகிறாள் என்று அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். சீல் வைத்த காகிதம் கையில் இருந்தால் அப்படி முடிக்க முடியாது. பரிசோதனைக்கும் கையெழுத்துப் போட்ட அசல்தான் கேட்பார்கள்.

அவள் எழுதியது தமிழில் இப்படி வரும்:

‘அன்புள்ள அனுவுக்கு அத்தை எழுதுவது. உட்கார்ந்து படி. மத்தியானம் நீ கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். அது பொய். உன்னிடம் நான் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன்.

‘உன் பெரியத்தை சாமியாத்தாள் காமாலையில் சாகவில்லை. மார்பில் புற்றுநோய் வந்து செத்தாள். எனக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அதை மறைத்தார்கள். எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். முன்னாலேயே தெரிந்திருந்தால் சினைப்பையை எடுத்துவிட்டு நான் தப்பித்திருக்க முடியும். உனக்கு இருபத்துமூன்று வயசு. உனக்கு நேரம் இருக்கிறது.

‘உனக்கு அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான்கில் ஒரு பங்கு. இதோடு இருக்கும் காகிதங்களை எடுத்துக்கொண்டு நிர்மலா மேடத்தைப் போய்ப் பார். எங்களுக்கு இருக்கும் அதே குறையை மட்டும் தேடிப் பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் தெரியும். மதனுக்கு இருக்கிறது. இரண்டு பேருக்கும் இருந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்வார்கள், அதற்கு இருக்கும் வழிகளையும் சொல்வார்கள்.

‘புதன்கிழமை சபையில் உட்காருவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய். எப்படியானாலும் நான் உன் அத்தை. உன் அப்பா இனி என்னோடு பேசமாட்டார். அவரைத் திட்டாதே. அக்காவை மூன்று தரம் மடியில் சாய்த்துக் கூட்டிவந்தவர் அவர்தான்.’

எழுதி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மதன் எழுந்து உள்ளே போனான். தன்னுடைய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தான். காலையில் மாமாவின் மடியில் இருந்த அதே தாள். பக்கத்துத் தெருவில் போய் நகல் எடுத்துவந்து, அதன் அடியில் தேதி போட்டுக் கையெழுத்து இட்டான். அனுப்ரியா இதைப் படித்துவிட்டு அவன் வேண்டாம் என்று சொன்னால், அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது. அது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. உறைக்குள் அம்மாவின் காகிதத்துக்குப் பின்னால் அதை வைத்தான்.

நாலேகாலுக்கு சீனிவாசன் வந்தார். செருப்பில் சேறு இருந்தது. எங்கே போனார் என்று சொல்லவில்லை. கட்டிலில் கிடந்த கடிதத்தை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முழுவதும் படித்தார். ஜோதிமணி அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து அவர் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

“உங்கக்கா வயசு எழுதலையே” என்றார். “எத்தனை வயசுல வந்துதுன்னுதான் அவங்க முதல்ல கேப்பாங்க.”

அவள் கடிதத்தை வாங்கி, சாமியாத்தாள் என்ற பெயருக்கு மேலே சின்ன எழுத்தில் ‘வயது முப்பத்துமூன்று’ என்று சேர்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார். தன் வீட்டாரை மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்க அவளுக்கு மூச்சும் இல்லை.

மதன் ஆட்டோ கூட்டிவந்தான். நீ இரு, நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்றான். அவள் கேட்கவில்லை. மெயின் போஸ்ட் ஆபீஸின் படிகள் எட்டு. நான்காவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மிச்ச நான்கையும் அவன் தோளைப் பிடித்து ஏறினாள்.

கவுண்டரில் மூன்று பேர் முன்னால் நின்றார்கள். சுவரோரம் இருந்த மேஜைமேல் பசை டப்பா இருந்தது. மதன் ஹாஸ்டல் விலாசத்தைக் கன்னடத்தில் எழுதினான். அனுப்ரியா என்ற பெயரைக் கொஞ்சம் பெரியதாக எழுதினான். அனுப்புநர் இடத்தில் என்ன போடுவது என்று கேட்டான். மாமாவின் கையில் சிக்கினால் பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடுவார். பெயரில்லாமல் விட்டுவிடலாமா என்றான்.

“ஜோதிமணின்னே போடு. முழு விலாசத்தையும் போடு” என்றாள்.

பசை தடவி, மடிப்பை மடக்கி, உள்ளங்கையால் ஓரம் முழுக்க அவளே தேய்த்தாள். இரண்டாவது தடவையும் தேய்த்தாள்.

கவுண்டர்க்காரர் உறையை எடைபோட்டார். உள்ளே என்ன என்று கேட்டார். காகதா, வெறும் காகிதம்தான் என்றாள் ஜோதிமணி. அவர் பார்கோடு சீட்டை ஒட்டி, ரசீதைக் கிழித்துத் தந்தார். கொள்ளேகாலுக்கு எப்போது போகும் என்று மதன் கேட்டான். திங்கட்கிழமை மத்தியானம், தப்பினால் செவ்வாய் என்றார் அவர்.

திங்கட்கிழமை சாயந்தரம் கெம்பையன் ஹாஸ்டல் வாசலில் நிற்பார். இருவரும் அதைத்தான் நினைத்தார்கள்.

கவுண்டர்க்காரர் உறையைப் பின்னால் தள்ளினார். அங்கே இன்னொருவர் அதை எடுத்து ஊர்ப் பெயரைப் பார்த்தார், ஒரு கித்தான் பைக்குள் போட்டார். மணி ஐந்து ஐந்து. பையின் வாய்க் கயிற்றை இழுத்துக் கட்டி, வண்டிக்கு எடுத்துப்போனார்கள்.